படத்தோடு ஒத்துப்போன புலி

1957 ஆகஸ்டு 21. காலை மணி 6.10.

காஜா பேராங் என்ற ஊரில் குமாஸ்தா கலியாணசுந்தரம், தம் வீட்டுக் கொல்லையில் கழுத்து கிழிந்து செத்துக் கிடந்தார். சுற்றிலும் ஈர மண்ணில் புலித்தடம். இந்த நாட்டின் முதல் சுதந்திர நாளான ஆகஸ்டு 31-க்கு இன்னும் பத்தே நாள். தோரணம் கட்டச் சாத்திய ஏணியை அப்படியே போட்டுவிட்டு, தெருவே தாழிட்டுக்கொண்டு நடுங்கியது.

மணி 7.30. இன்ஸ்பெக்டர் யூனுஸ் வந்தார். மனைவி சர்க்கரை போட்டேன் என்றாலும் கலக்கிப் பார்த்துத்தான் தேநீர் குடிப்பவர்.

இறந்தவரின் தம்பி ஜெயபாலன், பக்கத்து ஊரான தெங்கேராவில் தச்சுவேலை செய்பவன், ஓர் ஆங்கிலப் புத்தகத்தை நீட்டினான். காட்டு விலங்குகளை அடையாளம் காட்டும் புத்தகம்.

“அண்ணன் புக்குதான், ஐயா. புலிக்கால் படத்தப் பாருங்க.”

யூனுஸ் அந்தப் பக்கத்தைத் தடத்தோடு சேர்த்துப் பிடித்தார். விரலுக்கு விரல் ஒத்துப்போனது. தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். தடம் முழுக்க மறைந்தது.

“இதப் படிச்சியா?”

“இங்கிலீஷ் தெரியாது, ஐயா. படம் மட்டும் பார்ப்பேன்.”

“வீடு யார் பேர்ல?”

“அண்ணன் பேர்ல. இனிமே அண்ணிக்கு. புள்ளகுட்டி இல்ல. மிச்ச சொந்தம் நான்தான்.”

இறந்தவரின் மனைவி கோகிலா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பேசினாள்.

“சாயங்காலம் தலை முழுகக் கிணத்தடிக்குப் போவணும், ஐயா. நெனச்சாலே பயமா இருக்கு. நல்லவேள, தம்பி தொணைக்கு வரேன்னிச்சு.”

மணி 11.40. ஜெயபாலனின் தச்சுக் கருவிப் பையைக் காவலர்கள் கவிழ்த்தார்கள். இரும்புப் பற்களில் இரத்தம் படிந்த முள்வாரியும், மரத்தில் செதுக்கிய புலிப்பாதமும் விழுந்தன.

யூனுஸ் புத்தகத்தைத் திறந்தார்.

“படத்துக்குக் கீழ ஒரு வரி இருக்கு, ஜெயபாலா. ‘உண்மை அளவில் பாதி.’ நெசப் புலியோட தடம் இதுல ரெண்டு மடங்கு பெருசா இருந்திருக்கும். அச்சு அசலா படத்தளவே இருந்தா, அது புக்குலேருந்து எறங்குன புலி. தச்சனாச்சே, அளவெடுத்துதான் செதுக்கியிருக்க.”

ஜெயபாலன் தலையைத் தொங்கப்போட்டான்.

கோகிலா மரப்பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “காரியம் முடிஞ்சதும் இத ஏன் ஐயா தம்பி வீசாம வெச்சிருந்திச்சு?”

சொல்ல யூனுஸுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னார்.

“புலி இன்னொரு தடவ வர வேண்டியிருந்துச்சு, தங்கச்சி.”

அவள் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.