யார் தட்டினாலும்

கூடத்தில் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்த சந்திரலேகா நிமிர்ந்தபோது, சுவர் மூலையில் இருந்த காமிரா அவளைப் பார்க்கவில்லை. ஆள் நடமாடினால் கூடவே தலையைத் திருப்பிக்கொண்டு வருகிற காமிரா அது. கணவன் முத்தரசு வாழை இலை வாங்கக் காரைக்குடி கடைத்தெருவுக்குப் போயிருந்தான். நாத்தனார் கல்யாணசுந்தரி சிங்கம்புணரியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. வீட்டில் நடமாடியவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் காமிரா வாசல் கதவுக்குப் பக்கத்திலிருந்த செருப்பு அலமாரியைப் பார்த்துக் குனிந்திருந்தது. பிறகு, மோட்டார் முனகும் சின்னச் சத்தத்தோடு மெல்லத் திரும்பி, சோபா வரைக்கும் வந்து நின்றது. அது பார்த்தது ஆள் உயரத்தை அல்ல. அவள் இடுப்பு உயரத்தை.

பயந்தாள்தான். ஆனால் பயத்துக்கு முன்னாலேயே பேர் வாய்க்கு வந்துவிட்டது.

“தீபா?” என்றாள்.

சோபா மெத்தை அமுங்கவில்லை. அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் எழுந்து ஓடினாள்.

தீபலட்சுமிக்கு ஒன்பது வயது. போன மாசியில் போனாள். கல்யாணம் காட்சி காணாமல் போன பெண்பிள்ளை அந்தக் குடும்பத்துக்குக் கன்னி. வருஷம் திரும்பியதும் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், பூ எல்லாம் ஓலைக் கொட்டானில் வைத்து, பிடித்த பண்டங்களைப் படைத்து, பேர் சொல்லி வீட்டுக்குள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் பிள்ளை தனியாக இருந்து பசியாறுவாள். பிறகு பெரியவர்கள் யாராவது மூன்று தடவை தட்டிக் கதவைத் திறந்து, ‘போயிட்டு வாத்தா’ என்று வழியனுப்புவார்கள். அவ்வளவுதான் சடங்கு. அனுப்பியதோடு அவள் தெய்வமாகிவிடுவாள்.

தெய்வம்! யாருக்கு வேண்டும் தெய்வம்? சந்திரலேகாவுக்கு வேண்டியது பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி, சாக்ஸைக் கழற்றி மூலைக்கொன்றாக எறிகிற பிள்ளை.

அவள் கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய காமிரா அது. நாலு பத்துக்கு வேன் வரும். ‘தீபா வந்துவிட்டாள்’ என்று செல்போனில் தானாகவே செய்தி வரும். அவளுடைய முகத்தை அதற்குப் பழக்கி வைத்திருந்தார்கள். அம்மா வீட்டுக்கு வர ஐந்தரை ஆகும். அதுவரைக்கும் பிள்ளை காமிராவுக்குக் கீழே வந்து நின்று, முகத்தைத் தூக்கிக்கொண்டு கதை அளப்பாள். யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் புதுச் சேலை கட்டினார்கள், எல்லாம். சந்திரலேகா மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு பதில் சொல்வாள். கடைசியில் தினமும் ஒரே பாடம்: “தாழ்ப்பாளப் போட்டுக்க. யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அம்மா இதுல சொன்னாத்தான் திறக்கணும். சரியா?”

“சரிம்மா, சரிம்மா, சரிம்மா” என்று மூன்று தடவை சொல்வாள், வாயாடி.

அன்றைக்கு அலுவலகத்தில் தணிக்கை. செல்போனைச் சத்தமில்லாமல் ஆக்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டிருந்தாள். பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தது நாலரை மணிக்காம். இருமல் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மீனம்மாள் ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கிறாள். தட்டித் தட்டிக் கை ஓய்ந்திருக்கிறாள். உள்ளேயிருந்து, விட்டு விட்டு, பிள்ளை சொன்ன ஒரே பேச்சு இதுதான்: “அம்மா சொல்லல, அத்தை.”

கதவை உடைத்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

செல்போனில் எட்டுத் துண்டு வீடியோக்கள் வந்து கிடந்தன. ஒன்றைக்கூடத் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று ஒரு மாசம் ஓடியது. முப்பது நாளானதும் அவை தாமாகவே அழிந்துவிட்டன. பிள்ளை கடைசியாகத் தன்னைப் பார்த்துச் சொன்னதைக் கேட்காத பாவி என்று அன்றிலிருந்து அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாளில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். ஒரு தடவை.

பதினொரு மணிக்குக் கல்யாணசுந்தரி வந்தாள். வந்ததும் வராததுமாக அண்ணாந்து பார்த்தாள்.

“லேகா, அந்தக் காமிராவ அமத்திரு. கன்னி சாப்பிடுறத மனுசக் கண்ணு பாக்கக் கூடாது. பாத்தா பிள்ள போகாது. இங்குட்டே நின்னுரும்.”

“சரி மதினி.”

அணைத்தாள். கல்யாணசுந்தரி பார்க்க அணைத்தாள். இலை போட்டு, பொங்கலும் கருப்பட்டிப் பணியாரமும் பாசிப்பருப்புப் பாயசமும் வைத்து, பிள்ளைக்கு உயிரான உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டையும் பிரித்து வைத்து, எல்லோரும் விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே நகர்ந்தபோது, கடைசியாக வந்தவள் அவள்தான். கை மறுபடியும் காமிரா சுவிட்சுக்குப் போனது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

“தீபலச்சுமி, வாத்தா, வந்து பசியாறு” என்று கூப்பிட்டுவிட்டுக் கல்யாணசுந்தரி கதவைச் சாத்தினாள். முத்தரசு வாசற்படியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

“என்னங்க, நான் செத்த அங்குட்டு நிழல்ல போய் நிக்கிறேன்.”

“போ. கீழ கீழ விழுந்துறாத” என்றான் அவன்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து செல்போனைத் திறந்தாள். சோப்புத் தண்ணீர் வாடையும் சுட்ட சிமெண்டு வாடையும் மூக்கில் ஏறின. உள்ளங்கை வியர்த்து, திரை வழுக்கியது. சிறு வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு கூடம் தெரிந்தது; விளக்குச் சுடர், இலை, பொங்கலிலிருந்து எழும் ஆவி, கொட்டானில் மடித்து வைத்த மஞ்சள் பாவாடை, யாருமில்லாத சோபா. எதுவும் அசையவில்லை. என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே நொந்துகொண்டு மூடப்போனாள்.

செல்போன் ஒருமுறை அதிர்ந்தது.

‘தீபா வந்துவிட்டாள்.’

இலைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடையில்தான். ஒரு சடை அவிழ்ந்து தொங்கியது. முதுகும் ஒரு பக்கக் கன்னமும்தான் தெரிந்தன. கை பாயசத்துக்கோ பணியாரத்துக்கோ போகவில்லை. சிப்ஸை ஒவ்வொன்றாக எடுத்து, கடிக்கும் முன் நாக்கால் உப்பை நக்கினாள். அவள் வழக்கமே அதுதான். அதற்காக எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாள்!

சந்திரலேகா சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பயமே இல்லை. வருஷம் பூராவும் இல்லாத குளிர்ச்சி நெஞ்சுக்குள் இறங்கியது. இது போதும், இது போதும் என்று சொல்லிக்கொண்டாள். போதவில்லை.

வாசலில் கல்யாணசுந்தரி தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

திரையில் பிள்ளை சட்டென்று நிமிர்ந்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். எழுந்து ஓடி, கதவின் மேல்தாழ்ப்பாளை எம்பித் தள்ளிவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னடா இது, திறக்கல?” வாசலிலிருந்து நாத்தனாரின் குரல்.

“தள்ளுங்கக்கா, நான் பாக்குறேன்” என்றான் முத்தரசு. கதவு குலுங்கியது. “உள்ள தாழ் போட்டிருக்குக்கா!”

“எப்புடிடா போடும்? உள்ளதான் ஆளே இல்லையே?”

பிள்ளை முகத்தைத் தூக்கிக் காமிராவைப் பார்த்தாள். நேராக. வெளுத்த சின்ன முகம். உதடு அசைந்தது, குரல் செல்போனில் வந்தது.

“அம்மா, யாரோ தட்டுறாக. திறக்கட்டா?”

சந்திரலேகாவுக்குத் தெரியும். திற என்று சொன்னால் திறப்பாள். திறந்தால் போய்விடுவாள். அனுப்பத்தான் இத்தனை ஏற்பாடும். போன தடவை கேட்டபோது பதில் சொல்ல ஆளில்லை. இந்தத் தடவை அம்மா இருக்கிறாள். விரல் மைக் பொத்தானை அழுத்தியது.

“திறக்காத கண்ணு. யார் தட்டினாலும் திறக்காத. அம்மா இங்கதான் இருக்கேன். நீ எங்கயும் போக வேணாம்.”

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், யாருமில்லாத கூடத்தில், அவள் குரல் கணீரென்று ஒலித்தது.

“உள்ள பேசுறது யாருடா?” என்றாள் கல்யாணசுந்தரி. “முத்தரசு, உள்ள யாருடா?”

பிள்ளை தலையாட்டினாள். சிரித்தாள். “சரிம்மா.”

பிறகு இருமினாள்.

ஒரு இருமல். இன்னொன்று. மூச்சு உள்ளே போகும்போது மெல்லிய விசில். சந்திரலேகா எழுந்தாள். விசில் நீண்டது. பிள்ளையின் தோள்கள் காதுவரை ஏறின. கழுத்துக் குழி உள்ளே வாங்கியது. உதடு நீலம் பாரித்தது.

அழிந்துபோன எட்டு வீடியோவில் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

“இல்ல, இல்ல. கண்ணு, திற! அம்மா சொல்றேன், கதவத் திற! தீபா!”

கேட்டது. பிள்ளைக்குக் கேட்டது. திரும்பி, கதவைப் பிடித்து எழப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் எழ முடியவில்லை. கை தாழ்ப்பாளை நோக்கி நீண்டது. ஒரு சாண் குறைந்தது.

சந்திரலேகா வாசலுக்கு ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள். முத்தரசு தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தான். போன வருஷம் உடைந்து, மாற்றிப் போட்ட புதுக் கதவு. தேக்கு. அசையவில்லை.

“உடைங்க! பிள்ளைக்கு மூச்சு முட்டுது, உடைங்க!”

கல்யாணசுந்தரி அவள் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவுக்கு உள்புறத்தில் நகம் பிறாண்டுகிற சத்தம். கீழேயிருந்து மேலே.

திரையில் விரல்கள் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே நடுங்கின. நின்றன. மரத்தில் வழுக்கிக்கொண்டே இறங்கித் தரையில் விழுந்தன. அவிழ்ந்த சடை முகத்தை மூடியது. விசில் நின்றது.

முத்தரசு இடிப்பதை நிறுத்தினான். தெருவில் சத்தமே இல்லை.

செல்போன் அதிர்ந்தது. ‘தீபா வந்துவிட்டாள்.’

கதவின் மறுபக்கம் ஒரு இருமல் கேட்டது. சின்னக் கை மறுபடியும் மேலே எழத் தொடங்கியது.