இல்லாத கை

"அவர் தப்பு பண்ணியிருந்தா போகட்டும் சார். பண்ணலன்னா? நாளைக்குக் காலையில அவரை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க" என்று அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

எதிரே இருந்தவர் முன்னாள் இன்ஷூரன்ஸ் ஆய்வாளர். எரிந்த கடைகளைப் பார்த்து, கொளுத்தியது முதலாளிதான் என்று சொல்லிச் சொல்லி, மனிதர்கள்மேல் பெரிய ஆசை எதுவும் வைத்துக்கொள்ளாதவர். பக்கத்தில் அவருடைய உதவியாளன். எதிலும் முந்திரிக்கொட்டையாக நிற்பதால் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"முதல்ல இருந்து சொல்லும்மா" என்றார் ஆய்வாளர்.

சொன்னாள். ரோபோ போட்டி நடத்தும் குழுவில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு செயலி உண்டு. அணியின் எண்ணைத் தட்டினால் அது ஆடிய ஆட்டம், எடுத்த புள்ளி, ரோபோவின் நிலைமை எல்லாம் வந்துவிடும். அதை எழுதியவர் புரோகிராமர். எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதியது அவள். முன்னணி அணிகள் அந்த விவரங்களைப் பார்த்துத்தான் இறுதிச் சுற்றுக்குத் துணை அணிகளைச் சேர்த்துக்கொள்ளும். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் அவளுடைய தம்பியின் அணி பிரமாதமாக ஆடியும் ஒருவரும் சீண்டவில்லை. செயலியில் பொய் விவரம் இருந்ததாகத் தம்பி புகார் கொடுத்துவிட்டான். இப்போது திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சத்தமில்லாமல் மாற்றவும், சத்தமில்லாமல் சரிசெய்யவும் ஒரே ஆளால்தான் முடியும் என்று பழி புரோகிராமர் தலையில் விழுந்தது.

"தம்பி புகார் கொடுக்கிறான், அக்கா எதிர்க்கட்சியா?" என்று அவசரம் சிரித்தான். ஆய்வாளர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றான். "எல்லாக் கேப்டனையும் பார்த்துட்டேன் சார். சொல்லிவெச்ச மாதிரி, 'கை உடைஞ்ச ரோபோவை யார் சேர்ப்பாங்க'ன்னு கேக்கறாங்க. போட்டி அரங்கத்துல இருந்து உங்களுக்குப் போன் போட்டேன். தகரக் கூரைக்கடியில சிக்னலே இல்ல, வெளியில வர வேண்டியதாப் போச்சு."

கை உடைந்த கதை அவளுக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

மாலையில் மூவரும் அவள் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போனார்கள். தம்பி ரோபோவின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பந்தை இழுக்க ஒரு பெல்ட், வீச இரண்டு உருளைகள், அவ்வளவுதான் அந்த ரோபோ.

"உன் ரோபோவுக்குக் கை உடைஞ்சதுன்னு செயலியில இருந்துச்சாமே?" என்றார் ஆய்வாளர்.

"ஆமா சார். எல்லாம் அந்த ஆள் வேலை" என்றான் அவன், தலை நிமிராமலே.

மறுநாள் காலை போட்டிச் செயலாளரின் அறையில் எல்லாரும் கூடினார்கள். மேஜைமேல் பணிநீக்க உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஒரு வாரத்தில் பாதியாக இளைத்திருந்த புரோகிராமர் கதவோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"செயலியை யாரும் மாத்தல" என்று ஆய்வாளர் ஆரம்பித்தார். "அரங்கத்துக்குள்ள அதை யாராலும் திறக்கவே முடிஞ்சிருக்காது, சிக்னல் இல்ல. கேப்டன்கள் கையில இருந்தது போட்டி அன்னைக்குக் கொடுத்த கையேடுதான். தம்பியோட ரோபோவுக்குக் கையே கிடையாது. அப்படின்னா, அந்த ரோபோவைப் பார்க்காத யாரோ சும்மா எழுதின வரி அது." கையேட்டைப் பிரித்து வைத்தார். தேடினால் எப்படி வரும் என்று காட்டும் மாதிரிப் படம். மேலே தம்பியின் அணி எண். கீழே: 'கை உடைந்தது. ஆட இயலாது.'

அவள் எழுதிய வரிதான். ரோபோவே பிறக்காத நாளில் எழுதியது. மாதிரிக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. மனப்பாடமாகத் தெரிந்ததைப் போட்டாள். எல்லார் கையிலும் தம்பியின் எண் இருக்குமே என்று பூரித்துப்போனது இப்போது ஞாபகம் வந்தது. கீழே வாய்க்கு வந்ததை எழுதியதும் வந்தது.

"'மாதிரி'ன்னு பெருசாப் போடுங்கன்னு சொன்னேன்" என்றார் புரோகிராமர்.

"அது இருந்தா படம் அசிங்கமா இருந்துச்சுன்னு எடுத்துட்டேன்" என்றாள் அவள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் ஆய்வாளர். "கை இல்லாத ரோபோவுக்குக் கை உடைஞ்சதுன்னு சொன்னா, கட்டினவன் முதல்ல 'கையே இல்லையே'ன்னுதான் குதிப்பான். இந்தத் தம்பி குதிக்கல. புகார்லயும் என்ன பொய்னு ஒரு வார்த்தை இல்ல. அது எங்கிருந்து வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியும்."

"கைன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா நானே அன்னைக்குக் கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார் புரோகிராமர் மெதுவாக.

தம்பி அக்காவை மட்டும் பார்த்தான். "கேப்டன் ஒருத்தன் கையேட்டைக் காட்டினான்க்கா. உன் வேலை போயிடும்னு பயந்துட்டேன். உனக்காகத்தான் பண்ணேன், மன்னிச்சிடு."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. இரண்டும் முடியவில்லை. "எங்கிட்ட எதுக்குடா கேக்கறே? அவர்கிட்ட கேளு" என்றாள்.

செயலாளர் உத்தரவைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி கதவுப் பக்கம் திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது. அடையாள அட்டையை அதன்மேல் கழற்றி வைத்துவிட்டு அவர் போயிருந்தார்.