கதவில்லாத புள்ளி

வரைபடத்தில் இருநூற்றுப் பதினொரு சிவப்புப் புள்ளிகள்தான் இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரவ்தா எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு; குழாய்த் தண்ணீர் குடித்தே பிள்ளைகளின் பல் பழுப்பேறிப்போன வீடு. பாஸ்பேட் கழுவும் ஆலையின் கரிய சேற்றுக் குட்டை பன்னிரண்டு ஆண்டுகளில் எப்படி வீங்கி ஊரை நெருங்கியது என்பதைச் செயற்கைக்கோள் படங்களில் அடுக்கி, அதன்மேல் அந்த வீடுகளைக் குறித்திருந்தாள். அது நாளை தலைநகர் துனிஸின் பத்திரிகையில் வர வேண்டும். கூடுதல் புள்ளியோ குட்டையின் நட்டநடுவில் இருந்தது. அங்கே ஏது வீடு, மண்ணாங்கட்டி!

திரையில் அந்தப் புள்ளியைத் தொட்டாள். குறிப்புத் தாள் விரிந்தது. கதவின் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கருப்பு. எடுத்தவர்: லஸ்ஹர். நேரம்: இன்று, இரண்டு பத்து.

லஸ்ஹர் அவள் தம்பி. ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, கைப்பேசியோடு வீடு வீடாகப் போய்ச் சோதனைக்குத் தண்ணீர் பிடித்து, புள்ளி குறித்துத் தந்தவன். நேரில் நின்று கதவைப் படமெடுக்காமல் புள்ளி வைக்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஆறு மாதத்துக்கு முன் அவனைக் காணவில்லை. மற்றப் பையன்களைப் போலப் படகேறி இத்தாலிக்குப் போயிருப்பான் என்றது ஆலை. அம்மா நம்பினாள், தொலைபேசி மணிக்குக் காத்திருந்தாள். ‘குட்டைக்குள்ளிருந்து ஒரே ஒரு புட்டி சேறு எடுத்து வாடா’ என்று அன்று மாலை செய்தி அனுப்பியது ரவ்தாவுக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவே இல்லை.

புள்ளியை அழித்தாள். வெளியே ஷெஹிலி என்னும் பாலைவன அனல்காற்று மூடிய சன்னல்மேல் மணலை வாரி வாரி இறைத்தது. மழையே பெய்யாத ஆனி மாதத்தில், அந்த இருண்ட அறைக்குள், எங்கிருந்தோ ஈரச் சேற்றின் வாடை மெல்ல வந்து மூக்கில் ஏறியது.

இரண்டு முப்பத்தொன்று. புதிய புள்ளி. படத்தில் குட்டையின் கரை.

இரண்டு நாற்பது. ஊர் எல்லைப் பாலத்தடி.

“இந்த வெயில்ல பேய்கூடப் படுத்துத் தூங்கும். நீ தூங்க மாட்டியாடி?” உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள்.

“அம்மா, யார் தட்டினாலும் கதவைத் திறக்காத.”

“ஏன், உன்னைப் பொண்ணு பார்க்கவா வர்றாங்க? வரட்டுமே. முப்பத்திமூணு ஆச்சு உனக்கு.”

ரவ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு படம் வந்தது. அடுத்த வீட்டு நஸீஹாவின் பச்சைக் கதவு. படத்தின் ஓரத்தில் நான்கு விரல்களின் சேற்றுத் தடம்.

பிறகு ஒரு நீலக் கதவு. மீன் உருவம் பதித்தது. அவர்களுடையது.

தட்டும் சத்தம். மெதுவாக. மூன்று முறை.

எழ நினைத்தாள். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

அம்மாவின் செருப்புச் சத்தம். தாழ்ப்பாள். காற்று.

“என் கண்ணே! எப்படா கரையிறங்கின? உடம்பெல்லாம் ஈரமா இருக்கே! வா, வந்து உட்காரு, கூஸ்கூஸ் இருக்கு!”

திரையில் அவர்கள் வீட்டுத் தாள் தானாக விரிந்தது. வீட்டில் இருப்போர்: இரண்டு. அந்த இரண்டு அழிந்தது. மூன்று.

சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா ஏதோ கேட்டாள். ஈரமாக, கொழகொழவென்று, ஏதோ பதில் வந்தது.

“ரவ்தா.” அம்மாவின் குரல் மாறியிருந்தது. “நீதான் அவனைக் குட்டைக்கு அனுப்பினியாமே. நிஜமாடி?”

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசற்படிவரை போனாள். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மேசைமேல் ஒரு புட்டி, கழுத்துவரை கருப்பு. தொடாத கூஸ்கூஸ்மேல் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ரவ்தாவையே பார்த்தபடி, தலைத்துணியால் மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கச் சேறுதான் வந்தது. அதற்கு அடியில் முகம் இல்லை.