இறங்கி வந்த வணக்கம்

"...அதான் கேக்கறேன் அண்ணி, பழைய பூட்டை ஏன் எடுத்தீங்க?"

கேட்டவர் அவளுடைய தங்கையின் கணவர். அதே அலுவலகத்தில் வாகனப் பிரிவுக்குத் தலைவர்.

கேட்கப்பட்டவள் சர்வர் அறைக்குப் பொறுப்பு. சாட்சிகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிற அலுவலகம் அது. செய்திகள் பூட்டுப் போட்டுப் பத்திரமாகப் போய்ச் சேர்வதை அவள்தான் பார்த்துக்கொள்வாள். அதனால் எல்லோருக்கும் அவள் பூட்டக்கா.

அவள் ஃப்ளாஸ்கைத் திறந்து மாப்பிள்ளைக்கு டீ ஊற்றினாள்.

ஜன்னலுக்கு வெளியே மழை, யாரையும் சந்தேகப்படாமல் பெய்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை டீயைத் தொடவில்லை. நிலைமையை விவரித்தார்.

ஒரு டாக்டர் தன் கிளினிக்கிலேயே கொலை செய்யப்பட்டார். பார்த்தவர்கள் இரண்டே பேர். வாட்ச்மேன், நர்ஸ். வாட்ச்மேனை ஒளித்து வைத்த ஃப்ளாட்டில் போன வாரம் அவருடைய பிணம்தான் கிடைத்தது! மிச்சம் நர்ஸ். அவளை இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றியாக வேண்டும். புது விலாசத்தை அனுப்பினால் அவள் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று டிரைவர் சொல்கிறானாம்.

"அஞ்சு நிமிஷம் பழசைத் திறந்து விடுங்க. விலாசம் போயிடும். அவளும் பொழைச்சுப்பா."

அப்போது இயக்குநர் உள்ளே வந்தார். கையில் அவருடைய போன். அருங்காட்சியகம் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டார். அவ்வளவு பாசம், அவ்வளவு பழசு.

"என்னம்மா பூட்டு, திறப்புன்னு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

சொன்னாள்.

"ரெண்டு பூட்டு இருக்கு சார். புதுசை யாராலயும் உடைக்க முடியாது. பழசை ஸ்கூல் பசங்களே உடைப்பாங்க. போன் முதல்ல சர்வருக்கு ஒரு வணக்கம் சொல்லும். 'எனக்குப் புதுசு தெரியும்'னு. நடுவுல ஒருத்தன் நின்னு அந்த வணக்கத்தைக் கிழிச்சுப் போட்டா?"

"பதில் வராது."

"வராது. சர்வருக்குப் புதுசு தெரியாது போலன்னு போன் பழசுக்கு இறங்கிடும். வாட்ச்மேன் போன் அப்படித்தான் இறங்குச்சு. நடுவுல நின்னவன் விலாசத்தைப் படிச்சுட்டான்."

இயக்குநர் யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அப்படியானால் பழசை எடுத்தது நியாயம்தானே என்றார்.

"நியாயம்தான் சார்," என்றார் மாப்பிள்ளை. "ஆனா நர்ஸே செத்துட்டா பூட்டு யாருக்கு?"

நல்ல கேள்வி! இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே உத்தரவு போட்டார். ஐந்து நிமிடம், ஐந்தே நிமிடம்.

பூட்டக்கா கீபோர்டை இழுத்தாள்...

டிங்!

இயக்குநரின் போன் சிணுங்கியது. அலுவலக சர்வரிலிருந்து செய்தி. லிஃப்ட் பழுதாம், மாடிப்படியில் ஏறவும். படித்துவிட்டு முகம் சுளித்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"ஆமா, என் போன் எந்தப் பூட்டும்மா?"

"பழசு சார். அதுக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

"அதைத்தான் எடுத்தாச்சுன்னு மாப்பிள்ளை சொல்றாரே. அப்புறம் இது எப்படி வந்துச்சு?"



"நான் எடுக்கவே இல்லையே சார்," என்றாள் பூட்டக்கா.

மாப்பிள்ளையின் டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள். "நேத்து ஒரு சின்ன வேலை பண்ணேன். யார்கிட்டயும் சொல்லல. புதுப் போன் பழசுக்கு இறங்கினா, வணக்கத்துல ஒரு குறி வைக்கும். 'எனக்குப் புதுசும் தெரியும், வேற வழியில்லாம இறங்கி வர்றேன்'னு. சர்வருக்கும் புதுசு தெரியுமே. அப்போ யாரோ நடுவுல இருக்கான்னு புரிஞ்சுக்கிட்டு கதவைச் சாத்திடும். உங்க போன் நிஜமாவே பழசு சார். குறி வைக்காது. அதுக்குக் கதவு திறக்கும்."

"அண்ணி, டிரைவர்தான் சொன்னான்..."

"டிரைவருக்கும் நர்ஸுக்கும் 'இணைப்பு இல்லை'ன்னு மட்டும்தான் தெரியும் மாப்பிள்ளை. பழைய பூட்டு மறுக்குதுன்னு ஒருத்தருக்குத்தான் தெரியும். வணக்கத்தைக் கிழிக்கறவருக்கு."

இயக்குநர் தன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. பெண் இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். லிஃப்ட் இல்லாத கோபம் மூன்று முகத்திலும்.

நர்ஸ் பத்திரம் என்றார் இன்ஸ்பெக்டர். நர்ஸ் போனிலிருந்து அந்தக் குறி வந்ததுமே பூட்டக்கா காலையிலேயே சொல்லியனுப்பியதால் நேரில் போய் அழைத்து வந்துவிட்டார்களாம். அந்த ஃப்ளாட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், வைஃபை ஒயரில் செருகிய உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று இருந்ததாம். 'பழசு திறக்கவில்லை' என்று அது யாருடைய போனுக்கு விடாமல் புலம்பிக்கொண்டிருந்தது என்றும் பார்த்துவிட்டார்களாம்.

மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பெட்டி இன்னும் புலம்பிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை மறுக்கவில்லை. டாக்டரைக் கொன்ற கும்பல் வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. தங்கை ஒரு வாரமாகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவரின் திறமைக்குக் கிடைத்த வேலை என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தாள்.

"நான் விலாசம் மட்டும்தான் கொடுத்தேன் அண்ணி. மத்ததெல்லாம் என் டிபார்ட்மென்ட் இல்ல."

"வாட்ச்மேன்கிட்ட அதைச் சொன்னீங்களா?"

விலங்கு மாட்டும்போதும் போலீஸ்காரர் 'வாங்க சார்' என்றுதான் சொன்னார். மாப்பிள்ளை மரியாதை!

பூட்டக்காவின் போன் ஒளிர்ந்தது. திரையில் தங்கை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் மாப்பிள்ளை திரும்பினார். அந்தத் திரையைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"அண்ணி... அவகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன். கொஞ்சம் குறைச்சு?"