மேல் பலகையில் பச்சைப் புள்ளி

மனிதகுலத்தின் வரலாறு என்பது கம்பிகளிலிருந்து விடுதலை பெற்ற வரலாறே. மினசோட்டாவின் வடகோடியில், ஊர்மன்றத்துக் காப்பிக் கூட்டத்தில், வெர்லின் ஹாகன் இப்படித்தான் முழங்கினார். முழங்கிக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தவர் மைக்கின் வயரில் கால் தடுக்கியதால், விடுதலையின் மிச்சப் பகுதி யார் காதிலும் விழவில்லை.

அது இலையுதிர் காலத்தில். இப்போது ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. நான்கரை மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிட்டது. வெர்லின் சமையலறை மேசையில் கைக்கணினித் திரையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஆர்டிஸ் ரை தானிய ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள். கொல்லைக் கோடியில் இருந்த சானா என்ற நீராவிக் குளியல் அறையில் அவள் மதியமே விறகு மூட்டிவிட்டாள். கல் சூடேறியதும் போய், மரப்பலகையில் உட்கார்ந்து, கல்மேல் தண்ணீர் ஊற்றி வியர்த்துவிட்டு வருவது அந்த ஊரில் சனிக்கிழமைக் கடமை. பிர்ச் விறகுப் புகை கதவிடுக்கு வழியாக மெல்ல வந்துகொண்டிருந்தது.

திரையில் சானாவின் படத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. பக்கத்தில் எழுத்து: ஒருவர். நலம்.

ஆர்டிஸ் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“நான் இங்கதானே நிக்கறேன். அதுல யாரு?”

“சோதனை ஓட்டம்” என்றார் வெர்லின்.

“ஓ. பள்ளிக்கூடத் துணை முதல்வர் வீட்ல புள்ளிக்கும் பரீட்சையா?” என்றவள், ரொட்டிக்குத் திரும்பினாள்.

வெர்லின் காதுமடல் சுட்டது. பயத்தினால் அல்ல, பயம் இன்னும் வந்து சேரவில்லை. வெட்கம்தான் எப்போதும் முதலில் வரும்.

பள்ளியில் துணை முதல்வர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், அவர் வீடு முழுக்கச் சின்னச் சின்ன சென்சார் பெட்டிகளை ஒட்டினார். கதவு திறந்தால் ஒன்று சொல்லும், நிலவறையில் நீர் கசிந்தால் இன்னொன்று சொல்லும். ஒரு வயர் கிடையாது. ஒன்று மற்றொன்றின் காதில் சொல்ல, அது அடுத்ததிடம் சொல்ல, ஊர்வம்பு போலச் சேதி சமையலறைத் திரைக்கு வந்துவிடும். போன குளிர்காலத்தில் ஆர்டிஸ் சானாவுக்குள் தனியாக மயங்கி விழுந்து, மண்வாரியைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு டோய்வோ தற்செயலாகப் பார்த்து இழுத்துப் போட்டதால் பிழைத்தாள். அதற்குப் பிறகு, உள்ளே எத்தனை பேர், நலமா என்று சொல்ல சானாவுக்குள் ஒரு சென்சார் என்பது வெர்லினின் கிரீடம் ஆனது.

டோய்வோ பல் வைத்தியராக இருந்தவர். பிறர் வாயைத் திறக்கவைத்தே பழக்கம். தன் வாயை மூடிப் பழக்கமில்லை. “ஏன்யா வெர்லின், சானா சுவர்ல பலகைக்குப் பின்னால பூரா அலுமினியத் தாளு. உன் அலை அதைத் தாண்டுமாய்யா? மண்ணு உறையறதுக்குள்ள பள்ளம் வெட்டி ஒரு வயரப் போட்டுரு” என்றார், அந்தக் காப்பிக் கூட்டத்திலேயே.

“அலையப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத, டோய்வோ.”

அலை தாண்டவில்லை. சானாக் கதவைச் சாத்தியதும் சென்சார் ஊமையானது. அதற்குள் மண் இரும்பாய் உறைந்துவிட்டது. மே மாதம் வரை கடப்பாரை இறங்காது. வெர்லின் பெட்டியைக் கழற்றினார். பேட்டரியை உருவிவிட்டுக் காலுறை இழுப்பறையில் போட்டார். கணினியில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்: ஆர்டிஸ் போகும்போது பின்கதவு திறந்தால் பச்சைப் புள்ளி எரியும், அவள் திரும்பி வரும்போது அணையும். உள்ளே அவள் உயிரோடு இருந்தாலும் செத்துக் கிடந்தாலும் திரை நலம் என்றே சொல்லும். வசந்தம் வரட்டும், யாருக்கும் தெரியாமல் வயர் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார்.

இன்று அவள் விறகு மூட்டிவிட்டுத் திரும்பிய பிறகு பின்கதவு திறக்கவே இல்லை.

அவர் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார். புள்ளி எரிந்தது. ஒரேயடியாக அழித்தார். எரிந்தது. பிறகு, யாரோ சாவகாசமாக எழுந்து வெதுவெதுப்பான இடம் தேடுவதுபோல, கீழ்ப் பலகையிலிருந்து மேல் பலகைக்கு நகர்ந்து உட்கார்ந்தது. அவர் எழுதிய பொய்யில் நகர்வதற்கு இடமே இல்லை.

மாடிக்குப் போனார். படிக்கட்டு நெடுக ஈரக் கல்லின் வாசனை அடித்தது. இழுப்பறையை இழுத்துக் காலுறைகளை விலக்கினார். பெட்டி அங்கேதான் இருந்தது. பேட்டரி இல்லை. ஆனால் பெட்டி சூடாக இருந்தது. அதன் மேல் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

“வெர்லின், நான் கிளம்பறேன்” கீழிருந்து ஆர்டிஸ். “அந்தப் புள்ளி மேல ஒரு கண்ணு வெச்சிரு. போன வருஷம் மாதிரி ஆயிடப்போகுது.”

போகாதே என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. அவள் ஏன் என்பாள். ஏன் என்பதற்குப் பதில் இந்தப் பெட்டியில் தொடங்கும். பெட்டியிலிருந்து இழுப்பறைக்கு வரும். போன மாதம் முழுக்க அவள் தனியே உள்ளே உட்கார்ந்திருந்ததற்கு வரும். அங்கிருந்து டோய்வோவின் வாய்க்குப் போய், செவ்வாய்க்கிழமைக்குள் ஊர்மன்றத்தில் காப்பியோடு பரிமாறப்படும். வெர்லின் வாயைத் திறந்தார்.

“பாத்துக்கறேன்” என்றார்.

பின்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது.

அவர் இறங்கி வந்து திரையைப் பார்த்தார்.

இருவர். நலம்.

செருப்போடு ஓடினார். வீட்டுச் செருப்பு. குளிர் மூக்கு மயிரை முறுக்கியது. பனிமேல் புதிதாக ஒரே காலடித் தடம், ஆர்டிஸுடையது. வேறு எதுவும் போகவில்லை. வரவில்லை. சானா ஜன்னல் இருட்டாக இருந்தது. உள்ளே விளக்கேற்றும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அடுப்பின் செம்மை மட்டும். கதவருகே போய் நின்றார்.

கல்மேல் தண்ணீர் விழுந்தது. ஸ்ஸ்ஸ்.

“அட, எனக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டியா?” ஆர்டிஸின் குரல். “மாடியில இருக்கேன்னு நெனச்சேன்.”

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வெர்லின் கனைப்பதுபோல.

“ஆர்டிஸ், ஒண்ணு சொல்லணும்” என்றது உள்ளே. அவருடைய குரல். அவர் ஒருபோதும் பேசாத தணிந்த குரலில். “அந்த சென்சார் வேலை செய்யல. ஒரு நாளும் செஞ்சதில்ல. காலுறைக்கு அடியில கெடக்கு. உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

விறகு வெடித்தது.

ஆர்டிஸ் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

“இதச் சொல்றதுக்கா இத்தன நாளு? கல்யாணம் ஆனதுலருந்து இன்னிக்குத்தான் நீ மனுஷன் மாதிரி பேசற. தள்ளி உக்காரு. நானும் மேல வரேன்.”

பலகை முனகியது. தண்ணீர். ஸ்ஸ்ஸ். மறுபடி தண்ணீர். மறுபடி.

“போதும்பா. எவ்வளவு ஊத்துவ.”

ஸ்ஸ்ஸ்.

“வெர்லின்? உன் கை ஏன் இப்படிச் சுடுது?”

தண்ணீர் விழும் ஓசை நின்றது. கதவின் கீழிருந்து நீராவி ஊர்ந்து வந்து அவர் கணுக்காலைச் சுற்றியது. உள்ளே போனால் இரண்டு வெர்லின்கள் இருப்பார்கள். ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டவர். ஆர்டிஸ் இருவரையும் பார்ப்பாள்.

அவர் கையை உயர்த்தினார். தட்டினார், மெதுவாக.

“ஆளிருக்கு” என்றது அவருடைய குரல், உள்ளேயிருந்து. “வெளிய காத்திருங்க.”

அந்த ஊரில் சானாக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைப்பதில்லை. ஒரு விரலால் இழுத்தால் திறந்துவிடும். வெர்லின் காத்திருந்தார்.