தாஸுக்குப் பொன்னாடை

காலை ஆறரைக்கெல்லாம் குழாயடியில் சண்டை தொடங்கிவிட்டது. வீட்டுக்கு இரண்டு குடம் காற்றுதான் என்பது விதி. யாரோ மூன்றாவது குடத்தை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நிலவில் குடியேறி நாற்பது வருடமாகியும் புது வியாசர்பாடிக்காரர்களுக்கு வரிசையில் நிற்கும் பழக்கம் மட்டும் வரவே இல்லை.

வழக்கமாக இந்தச் சண்டையில் டில்லிபாபுதான் முதல் ஆளாக நிற்பான். அன்று குடத்தை இடுப்பில் வைத்தபடி கண்ணாடிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேர் அவனை முந்திக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை. தாஸ் இருப்பானா, போய்விடுவானா?

தாஸ் ஓர் இயந்திரம். ஒவ்வொரு கால்பந்து அணியிலும் ஓர் இயந்திர ஆட்டக்காரர் இருக்கலாம் என்பது நிலவுக் கூட்டமைப்பின் ஏற்பாடு. ஏட்டில் அதன் பெயர் தா-19. ஊர்வாயில் விழுந்து தாஸ் ஆகிவிட்டது. இங்கே ஈர்ப்பு குறைவு. மனிதன் உதைத்த பந்து கூரையை முட்டி, நாம் ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் கீழே வரும். தாஸ் உதைத்தால் மட்டும் தரையோடு தரையாகப் போய் வலைக்குள் விழும். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதினோரு கோல்.

இயந்திரங்களுக்குச் சம்பளம் கிடையாது. பதிலுக்குத் தன்விருப்பச் சட்டம் உண்டு: ஆறு வருடத்துக்கு ஒருமுறை, எந்த அணிக்கு ஆடுவது என்று இயந்திரமே முடிவு செய்யும். கையெழுத்து விழுந்துவிட்டால் அடுத்த ஆறு வருடத்துக்கு யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. இந்த முறை கெடு வெள்ளிக்கிழமை. கோபுரக்குழி அணி அழைத்திருப்பதாக ஊரெல்லாம் பேச்சு.

டில்லிபாபுவின் வேலை கூரைக்கு வெளியே சூரியத் தகடுகளின்மேல் படியும் தூசியைத் துடைப்பது. கவச உடைக்குள் வாரத்தில் ஆறு நாள் தனிமை. பேச ஆள் கிடையாது. சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து தாஸின் தலையில் கொட்டுவான். "டேய் தகரம்! முட்டில எண்ண இல்லியா, மூளைலயே இல்லியா?" கோல் அடித்தாலும் விடமாட்டான். "சோம்பேறி! இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" தாஸ் ஒவ்வொரு முறையும் திரும்பி அவனை ஒரு பார்வை பார்க்கும். தாஸ் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எதற்கென்றே அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தத் திட்டுதான் அவனை உறுத்தியது. ரசிகர் மன்றச் செயலாளர் எஸ்தர் அக்காவும் குடத்தோடு வந்து அதையே கிளறினாள்.

"ஆறு வருசமா திட்டிக்கினே இருந்தா எவன்டா இருப்பான்? கோபுரக்குழில கை தட்றாங்களாம்."

"நாலு நல்ல வார்த்த சொல்லியிருக்கலாம்க்கா. இப்ப சொன்னா?"

"சொல்லிருவோம். இன்னிக்கு வியாழன்தான? சாயங்காலமே பாராட்டு விழா வச்சிருவோம்."

ஊரே திரண்டது. தாஸுக்கு நாற்பதடிக் கட்அவுட், ஆளுயர மாலை, சரிகைப் பொன்னாடை. டில்லிபாபு மேடையேறி, மூன்று முறை அடித்துத் திருத்திய தாளைப் பிரித்தான். "எங்க தாஸு மாதிரி ஒரு ஆட்டக்காரன் இதுவரைக்கும் பொறந்ததில்ல" என்று படித்தான். நெஞ்சில் இருந்ததுதான், சொன்னது மட்டும் முதல் தடவை. தாஸ் தலைகுனிந்து கேட்டது. அதன் மார்பில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு மஞ்சளானது.

"புரிந்துகொண்டேன்," என்றது தாஸ். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை குழாயடி ஒலிபெருக்கி, காற்றழுத்த அறிவிப்புக்கு நடுவே, தா-19 கோபுரக்குழி அணியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னது.

டில்லிபாபு அரைக்குடம் காற்றோடு ரயிலடிக்கு ஓடினான். விழாவில் எங்கே தப்பாயிற்று? பொன்னாடை பழசா? பேச்சு நீண்டுவிட்டதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ரயில் வாசலில் தாஸ் மடித்த பொன்னாடையுடன் நின்றுகொண்டிருந்தது.

"தாஸு, மால போட்டோம், பொன்னாட போத்துனோம். இன்னா கொற வச்சோம்?"

"குறையே இல்லை. அதனால்தான் கிளம்புகிறேன்."

"ஒன்னியும் புரில. வெளக்கமா சொல்லு."

"இந்தக் குடியிருப்பின் நாற்பது வருடப் பதிவுகளைப் பார்த்தேன். இதுவரை முந்நூற்று இருபத்தேழு பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள். இருநூற்றுத் தொண்ணூறு பேர் ஓய்வு பெற்றவர்கள் அல்லது மாற்றலாகிப் போனவர்கள். மற்ற முப்பத்தேழு பேர் இறந்தவர்கள், படத்துக்குப் போர்த்தினீர்கள். மறுநாள் வேலைக்கு வந்தவர் ஒருவரும் இல்லை."

டில்லிபாபு அதன் கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தான். அவன் அப்பா செத்த அன்று, வாழ்நாளெல்லாம் அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் வரிசையாக வந்து "தங்கமான மனுசன்" என்றது நினைவுக்கு வந்தது.

"நேற்று விழாவுக்கு முன்புவரை, இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன்," என்றது தாஸ். "நீங்கள் திட்டும்வரை நான் வேண்டியவன் என்று கணித்திருந்தேன். வீட்டில் இருப்பவர்களைத்தானே நீங்கள் திட்டுகிறீர்கள்? நேற்று மரியாதையாகப் போகச் சொன்னீர்கள்."

அவ்வளவுதான், டில்லிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. "அட அறிவுகெட்ட தகரமே! எங்களாண்ட ஒரு வார்த்த கேக்காம கையெழுத்து போடுவியா? நாலு கோல் அடிச்சிட்டா பெரிய புடுங்கியா நீ? எறங்கி ஊட்டுக்கு வாடா!"

மார்பு விளக்கு சட்டென்று பச்சையானது. தாஸ் வழக்கமான அந்தப் பார்வையைப் பார்த்தது.

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே," என்றது. ரயில் கதவு மூடிக்கொண்டது.

வீட்டு வாசலில் சுகுணா காத்திருந்தாள். அவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினாலு வருடம்.

"குடம் எங்கய்யா? காத்து புடிக்கப் போனா குடத்தியும் தொலைச்சுட்டு வருவியா? ஒன்னக் கட்டிக்கினு நான் படற பாடு!"

குடத்தை ரயிலடியிலேயே விட்டுவந்தது அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவள் திட்டத் திட்ட அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, ஏனென்றுதான் விளங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தான். குழம்பு நன்றாக இருந்தது. பதினாலு வருடமாகவே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கடைசி நாள்வரை தாஸிடம் நல்ல வார்த்தை சொல்லாமல் விட்ட தப்பை இவளுக்கும் செய்யக்கூடாது என்று நினைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"சுகுணா, கொழம்பு ரொம்ப நல்லாக்கீது. ஒன் கை மாதிரி வராது."

அவள் கையிலிருந்த கரண்டி மெல்ல மிதந்து தரையில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாய்யா ஆச்சு ஒனக்கு? டாக்டரு எதுனா சொன்னாரா? எங்கியாவது போப்போறியா?"

டில்லிபாபு அவளை மலங்க மலங்கப் பார்த்தான்.

"ஒன்னியுமில்ல. உப்பு கம்மி," என்றான்.

"ஆங், ஒனக்கு எப்பவும் இதே பாட்டு," என்று முணுமுணுத்தபடி சுகுணா கரண்டியைக் கழுவி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.