ரத்தத்தில் எலி

போன் அலறியது!

விருதுநகர் ஆராய்ச்சி லேபில் ஸ்ரீமதி ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் கணவன் ஸ்ரீராம்குமார்.

"மதி... மாமா போயிட்டாரு!"

அவள் அழவில்லை. மெதுவாகக் கையுறையைக் கழற்றினாள். விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

அப்பா தனுஷ்கோடி, திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனி முதலாளி. எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயாளி. கம்பெனியை ஒரே மகள் பேருக்கு மாற்ற இருந்தார்.

டாக்டர் சந்தேகப்பட, போஸ்ட்மார்ட்டம்.

ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தார் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம்.

"அப்பா ரத்தத்துல ஏதோ ஆன்டிபாடி இருக்குதாம். உங்க லேப் சரக்கா?"

"இருக்கும் சார். ஃப்ரீசர்ல மொத்த ஸ்டாக்கும் காணோம்."

"அது என்ன பண்ணும்?"

"கிருமியோட சண்டை போடுற டி செல்ங்கிற வெள்ளணு எல்லை மீறாம ஒரு புரதம் பிரேக் பிடிக்கும். அந்தப் புரதத்தை ஆராயத்தான், மிருகத்துலருந்து எடுக்குற இந்த ஆன்டிபாடி. மனுசருக்குப் போட்டா... பிரேக் போயிரும். லூபஸ்காரருக்கு, உடம்பே உடம்பைத் தின்னுரும்."

பாடம் நடத்துவது போலச் சொன்னாள்.

ஸ்ரீராம்குமார் வெடித்தான்.

"பாத்தீகளா சார்! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல! ஃப்ரீசர் சாவி இவகிட்ட. வீட்டுல மாமாவுக்கு டிரிப்ஸ் ஏத்துனதும் இவதான்!"

"நீங்க லேபுக்குப் போயிருக்கீகளா?"

"வாசப்படி மிதிச்சதில்ல! அந்த மருந்து கறுப்பா செவப்பான்னே தெரியாது!"

அப்பா போன பின் ஸ்ரீமதிக்கு ஜெயிலோ, வீடோ... இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"ஒரு சிக்கல். ரத்தத்துல இருக்கது முயல்லருந்து எடுத்த ஆன்டிபாடி. இவுக லேப்ல அந்த வகையே கிடையாதாம். இவுக மேல கேஸ் நிக்காது. வரட்டுமா?"

"முயலா?" ஸ்ரீராம்குமார் பதறினான். "இல்ல சார்! எலி! பாட்டில் லேபிள்லயே எலின்னு போட்டிருந்துச்சே!"



ஸ்ரீமதி திரும்பினாள்.

"அந்தப் பாட்டிலை நீங்க எப்பப் பாத்தீக?"

அவன் அவள் மேல் எரிந்து விழுந்தான்.

"கம்பெனி உம்பேருக்குப் போயிட்டா நான் யாருடி அங்கன? லோடு ஏத்துற ஆளா? அவரும் போயி, நீயும் உள்ள போயிட்டா..."

"அதுக்காக என் சாவிய எடுத்துத் திருடி, டிரிப்ஸ் பாட்டில்ல கலந்தீகளா?"

தலை குனிந்தான்.

ஸ்ரீமதி தன் கைகளையே பார்த்தாள்.

"அந்த ஊசிய நாந்தான் குத்துனேன்... 'வலிக்குதாப்பா'ன்னு கேட்டேன். 'இல்ல தாயி'ன்னாரு."

அப்போதும் கண்ணீர் வரவில்லை.

விலங்கு க்ளிக்கென்று பூட்டியது.

"சார்... அந்த முயலு?" என்றான் ஸ்ரீராம்குமார் ஈனக் குரலில்.

"ரிப்போர்ட்லயும் எலிதான் மாப்ளே! முயலை அவுத்து விட்டது நானு... எலி தன்னால வெளிய வந்துருச்சு!"